சின்ன ஏர்போர்ட் வழியா முதல் தடவை போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

பெரிய ஏர்போர்ட்லயே போய் வந்து பழகினவங்க, ஊர் உலகத்துக்கு எட்டாத ஒரு மூலையில இருக்குற சின்ன ஏர்போர்ட்டுக்கு முதல் தடவை போறப்ப கொஞ்சம் திகைச்சுத்தான் போவாங்க. ஒரே ஒரு ரன்வே, ஒரு கல்யாண மண்டப ஹால் கூட தேறாத டெர்மினல், நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ பிளைட், சில இடத்துல வாரத்துக்கே ரெண்டு மூணு தான். வேலை மாத்தலாகி அந்தப் பக்கம் போறவங்க, அங்க ஆஸ்பத்திரிலயோ ஸ்கூல்லயோ ஜாயின் பண்ணப் போறவங்க, மலை ஏறப் போறவங்க, சொந்தக்காரங்களைப் பாக்கப் போறவங்க, எல்லாருக்குமே வர்ற சந்தேகம் ஒண்ணு தான், பிளைட்டை நம்பிப் போகலாமா, எப்படித் தயாராகணும்னு. நான் வேலை விஷயமா ரொம்ப வருஷமா இந்த மாதிரி ஏர்போர்ட் வழியா போய்ட்டு வந்துட்டு இருக்கேன், ஆரம்பத்துல தெரியாம மாட்டிக்கிட்டது எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல வாங்கிக்கோங்க. பெரிய ஏர்போர்ட்ல டைம்டேபிள் தான் ராஜா. இங்க அப்படி இல்ல, எடை, வானிலை, பகல் வெளிச்சம் இந்த மூணும் சேர்ந்து தான் பிளைட் போகுமா போகாதான்னு முடிவு பண்ணுது. கவுண்டர்ல இருக்குறவங்க கிட்ட எவ்ளோ சண்டை போட்டாலும் இந்த மூணுல ஒண்ணு கூட மாறாது.

டிக்கெட் போடுறப்ப

முதல்ல ஊர் பேரை மட்டும் பாத்து டிக்கெட் போடாதீங்க. ஒரே பேர்ல வேற நாட்டுல, வேற மாநிலத்துல ஏர்போர்ட் இருக்கும், அதனால ஏர்போர்ட்டைக் குறிக்கிற மூணு எழுத்து கோடு (code) இருக்கும் பாருங்க, அதை அங்க இருக்குற ஆள் யார்கிட்டயாவது கேட்டு சரிபார்த்துட்டு போடுங்க.

அடுத்தது என்ன பிளேன்னு பாருங்க. இதை யாரும் பாக்குறதே இல்ல, ஆனா உங்க பயணத்துல பாதி விஷயம் இதுல தான் இருக்கு. ஏடிஆர் 42 இல்ல 72-னு போட்டிருந்தா அது ஐம்பது எழுபது பேர் போற டர்போபிராப் (புரொப்பல்லர் வெச்ச பிளேன்), உள்ள டாய்லெட் இருக்கும், கேபின் க்ரூ இருப்பாங்க. ட்வின் ஆட்டர்னு போட்டிருந்தா அதிகபட்சம் 19 பேர். 1965-ல முதல்ல பறந்த பிளேன் அது, குட்டையான ரன்வேல ஏறி இறங்கணும்னே செஞ்சது, அதனால தான் இன்னைக்கும் இந்த மாதிரி இடத்துல அதைக் கைவிட முடியல. செஸ்னா கேரவன்னா ஒரே இஞ்சின், இன்னும் சின்னது. 19 சீட்டுக்குள்ள இருக்குற பிளேனுக்கு கேபின் க்ரூ வெச்சே ஆகணும்னு பெரும்பாலான நாடுகள்ல விதி கிடையாது, அதனால உள்ள நீங்களும் பைலட்டும் தான் இருப்பீங்க, டாய்லெட்டும் இருக்காது. குழந்தைங்க, வயசானவங்க கூட வர்றாங்கன்னா இது தெரிஞ்சு வெச்சுக்கிறது ரொம்ப முக்கியம்.

எந்த நேரத்து பிளைட்? முடிஞ்சா அன்னைக்கு முதல் பிளைட். நேபாளத்துல லுக்லா ஏர்போர்ட்ல ரன்வே நீளமே 527 மீட்டர் தான், அதுவும் சரிவா இருக்கும், அங்க காலையிலேயே முடிஞ்ச அளவுக்கு எல்லா பிளைட்டையும் விட்டுடுவாங்க, ஏன்னா நேரம் ஆக ஆக காத்து எழும்பி மேகம் வந்து மூடிடும். மலைப் பக்கம் எங்க போனாலும் இந்தக் கதை தான். ஸ்காட்லாந்துல பாரானு ஒரு தீவு, அங்க கடற்கரை மணல்லயே பிளேன் இறங்கும், அலை ஏறினா ரன்வே தண்ணிக்குள்ள போயிடும், அதனால டைம்டேபிளே கடல் வத்துற நேரத்தை வெச்சு தான் போடுவாங்க. உங்க ஏர்போர்ட்ல எது முடிவு பண்ணுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, பனியா, காத்தா, மழையா, வெளிச்சமா. ரன்வேல லைட் இல்லாத ஏர்போர்ட் நிறைய இருக்கு, அங்க சூரியன் சாயுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும், அப்போ சாயங்கால பிளைட் ஒரு மணி நேரம் லேட்டுன்னா அது லேட்டு இல்ல, கேன்சல்.

இந்த ரூட்ல பாதி அரசாங்கம் பணம் போட்டுத் தான் ஓடுது. அமெரிக்காவுல 1978-ல விமானக் கம்பெனிகள் மேல இருந்த கட்டுப்பாட்டை எடுத்தப்ப சின்ன ஊருக்கெல்லாம் பிளைட் நின்னுடும்னு பயந்து தனியா ஒரு மானியத் திட்டம் கொண்டு வந்தாங்க, அதே மாதிரி இந்தியாவுல சின்ன ஊருக்கு பிளைட் விட உடான்னு ஒரு மானியத் திட்டம் இருக்கு, அதுல முதல் பிளைட் 2017-ல கிளம்புச்சு. மானியத்துல ஓடுற ரூட்டுல காண்ட்ராக்ட் முடிஞ்சா கம்பெனியே மாறும், நாள் மாறும், சீசனுக்கு சீசன் நேரமும் மாறும். அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே டிக்கெட் போட்டீங்கன்னா, போட்டதோட மறந்துடாம நடுவுல ஒரு தடவை பிளைட் இன்னும் இருக்கான்னு செக் பண்ணுங்க.

இப்ப நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது. சின்ன பிளைட்டை ஒரு கம்பெனில, அங்கிருந்து பெரிய ஊர்ல இருந்து போற பிளைட்டை இன்னொரு கம்பெனில தனித்தனியா போட்டேன், நடுவுல மூணு மணி நேரம் இருக்கே போதும்னு நெனச்சேன். மூடுபனி விலகவே இல்ல, அன்னைக்கு பிளைட் வரல, மறுநாளும் வரல, பெரிய பிளைட் டிக்கெட் மொத்தமா போச்சு, ஒரு ரூபா கூட திரும்பி வரல. தனித்தனி டிக்கெட்னா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க லேட்டா வந்த ஆள் மட்டும் தான், ஏன் லேட்டுன்னு அவங்களுக்குக் கவலை இல்ல. ஒரே புக்கிங்ல ரெண்டும் இருந்தா அடுத்த பிளைட்ல ஏத்தி விடுற பொறுப்பு அவங்களோடது. அப்படிக் கிடைக்கலன்னா நடுவுல ஒரு முழு நாள் விட்டுடுங்க. மழைக்காலம், பனிக்காலம்னா ரெண்டு நாள். இன்டர்வியூ, ஆபரேஷன் தேதி, கோர்ட் கேஸ், கல்யாணம் இந்த மாதிரி தவறவிட முடியாததுக்கு முந்தின நாள் சாயங்கால பிளைட்ல வந்து சேந்துடலாம்னு மட்டும் கணக்கு போடாதீங்க, தயவுசெஞ்சு.

எடை: இதை நிதானமா படிங்க

புதுசா வர்றவங்களுக்குக் கோபம் வர்ற இடம் இது தான். லக்கேஜ் 15 கிலோ தான், சில இடத்துல 10 கிலோ தான்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல காசு கட்டுறேன்னாலும் ஏத்த மாட்டாங்க. அப்புறம் உங்களையே எடை மெஷின்ல ஏறி நிக்கச் சொல்லுவாங்க, கையில இருக்குற பேக்கோட. எல்லார் முன்னாடியும் எடை பாக்குறாங்களேன்னு சங்கடமா இருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித் தான் இருந்துச்சு.

காரணம் இது. ட்வின் ஆட்டர் மாதிரி ஒரு பிளேன் கிளம்புறப்ப மொத்த எடை 5,670 கிலோவுக்கு மேல போகக்கூடாது. அதுல பிளேனோட சொந்த எடையே பாதிக்கு மேல. மீதில பெட்ரோல் (பேச்சுக்கு பெட்ரோல்னு சொல்றேன், டர்போபிராப்புக்கு ஊத்துறது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள்), ரெண்டு பைலட், பயணிங்க, லக்கேஜ், அந்த ஊருக்குப் போற தபால், மருந்து பெட்டி எல்லாம் அடங்கணும். போய் இறங்குற ஏர்போர்ட்ல எரிபொருள் கிடைக்காதுன்னா திரும்பி வர்றதுக்கும் இங்கயே ஊத்திக்கிட்டுப் போகணும், அந்த எடையும் சேர்ந்துக்கும். அதுக்கு மேல வெயில். காத்து சூடாச்சுன்னா அடர்த்தி குறையும், உயரமான இடம்னாலும் குறையும், அடர்த்தி குறைஞ்சா இறக்கைக்குத் தூக்கு விசையும் குறையும், இஞ்சினோட பலமும் குறையும், ரன்வேல இன்னும் தூரம் ஓடினா தான் மேல ஏறும், ஆனா ரன்வே நீளம் அதே தான். அதனால காலையில 19 பேரை ஏத்திட்டுப் போன அதே பிளேன் மதியம் 14 பேரை மட்டும் ஏத்திக்கிட்டு மத்தவங்களை விட்டுட்டுப் போகும். காலி சீட் கண்ணுக்குத் தெரியுதே, என்னை ஏன் ஏத்தலன்னு ஆளுங்க சத்தம் போடுறதை நானே பாத்திருக்கேன். சீட் காலியா தான் இருக்கு, எடையில தான் இடம் இல்ல.

எடை எவ்ளோங்கிறது மட்டும் இல்ல, எங்க இருக்குங்கிறதும் முக்கியம். 2003 ஜனவரில அமெரிக்காவுல சார்லட் ஏர்போர்ட்ல 19 பயணிங்களோட கிளம்பின பீச்கிராஃப்ட் 1900-ங்கிற ஒரு சின்ன பிளேன் மேல ஏறின கொஞ்ச நேரத்துலயே விழுந்து 21 பேரும் இறந்துட்டாங்க. வால் பக்கத்துல எலிவேட்டரை (பிளேனோட மூக்கை மேலயும் கீழயும் திருப்புற பலகை) கட்டுப்படுத்துற கேபிளைத் தப்பா செட் பண்ணியிருந்தது முக்கிய காரணம், அதோட பின்பக்கம் எடை ரொம்ப அதிகமா இருந்ததும் சேர்ந்துக்கிச்சு. அப்போ பயணிங்களை நிஜமா எடை போடாம ஒரு சராசரி எடையை வெச்சு கணக்கு போட்டிருந்தாங்க, ஆளுங்க அதை விட எடை கூடுதலா இருந்தாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவுல அந்த சராசரியையே ஏத்திட்டாங்க. இதைப் படிச்ச நாள்ல இருந்து எடை கேட்டா நான் ஒரு கிலோ கூட குறைச்சு சொல்றதில்ல, ஜாக்கெட் பாக்கெட்ல கனமான சாமானை அடைச்சு ஏமாத்துறதும் இல்ல. நீங்களும் செய்யாதீங்க. அங்க நீங்க சொல்ற நம்பரை வெச்சு தான் பைலட் பேப்பர்ல கூட்டிப் பாக்குறாரு.

அப்போ பேக் எப்படிக் கட்டணும்? கெட்டியான பெரிய சூட்கேஸ் வேண்டாம், துணி பேக் எடுங்க, லக்கேஜ் வைக்கிற கதவு சின்னது, உள்ள வளைச்சு நெளிச்சு தான் அடுக்குவாங்க. எல்லாத்தையும் ஒரே பேக்ல போடாம ரெண்டா பிரிங்க. ஒண்ணு கூடவே வந்தாகணும், இன்னொண்ணு ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் பரவாயில்ல. மருந்து, கண்ணாடி, சர்டிபிகேட், சார்ஜர், ஒரு செட் துணி, குழந்தைக்கு வேண்டியது எல்லாம் முதல் பேக்ல. ஏன்னா எடை ஜாஸ்தியாச்சுன்னா ஆளை ஏத்திட்டு பேக்கை அடுத்த பிளைட்ல அனுப்புவாங்க, அடுத்த பிளைட் நாளைக்கா வியாழக்கிழமையான்னு யாருக்குத் தெரியும். ரெண்டு பேக்லயும் உள்ளயும் வெளியவும் பேர், போன் நம்பர் எழுதி வைங்க. குடித்தனமே மாத்துறீங்கன்னா பாத்திரம் பண்டம் புஸ்தகம் எல்லாத்தையும் தரை வழியாவோ படகுலயோ முன்னாடியே அனுப்பிடுங்க, பிளேனை நம்பாதீங்க. கேம்பிங் கேஸ் சிலிண்டர், ஸ்டவ் எண்ணெய் எதையும் பேக்ல போடவே கூடாது, மலை ஏறப் போறவங்க இதுல தான் மாட்டுவாங்க, போய் இறங்கின இடத்துல வாங்கிக்கலாமான்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க.

முந்தின நாள்

கம்பெனியோட பொது நம்பருக்கு அடிச்சா ஸ்க்ரீன்ல இருக்குறதை வாசிப்பாங்க, அவ்ளோ தான். அந்த ஊர் ஏர்போர்ட் கவுண்டர் நம்பரை எப்படியாவது வாங்கி வைங்க, அங்க இருக்குறவங்க ஜன்னல் வழியா வானத்தைப் பாத்து பதில் சொல்லுவாங்க. வானிலை ஆப்ல மழை வருமான்னு மட்டும் பாக்காதீங்க, லேசான மழையில பிளேன் இறங்கிடும். மேகம் எவ்ளோ கீழ இருக்கு, பனிமூட்டத்துல எவ்ளோ தூரம் தெரியுது, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது, இந்த மூணையும் பாருங்க. நிறைய சின்ன ஏர்போர்ட்ல பெரிய ஏர்போர்ட் மாதிரி மேகத்துக்குள்ளயே வழி காட்டிக் கூட்டிட்டு வர்ற கருவி கிடையாது, பைலட் கண்ணுக்கு ரன்வே தெரிஞ்சா தான் இறங்க முடியும்.

கையில கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்க, கார்டு மெஷினுக்கு நெட்வொர்க் இல்லன்னா அவ்ளோ தான். டிக்கெட்டை போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, முடிஞ்சா பிரிண்ட்டும். தண்ணி, கொஞ்சம் சாப்பிட ஏதாவது கொண்டு போங்க, டெர்மினல்ல கடை இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. போறதுக்கு வண்டி, கூடவே பிளைட் வரலன்னா திரும்பி வர்றதுக்கும் வண்டி, ரெண்டையும் பேசி வைங்க. இறக்கி விட்டதும் வண்டி போயிடுச்சுன்னா அத்துவானத்துல நிக்க வேண்டியது தான்.

ஏர்போர்ட்டுக்குப் போனதும்

கவுண்டர் நாள் பூரா திறந்திருக்காது, பிளைட் நேரத்தை ஒட்டித் தான் திறப்பாங்க, ரொம்ப முன்னாடி போனா கதவே பூட்டியிருக்கும். ஆனா மூடுற நேரம்னா மூடுற நேரம் தான். ஏன் அவ்ளோ கறாரா இருக்காங்கன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, அப்புறம் ஒரு நாள் கண்ணாடி வழியா பாத்தேன். என் டிக்கெட்டை வாங்கி பேக்குக்கு டேக் போட்டாங்களே ஒரு அக்கா, அவங்களே கவுண்டரை மூடிட்டு, மேல மஞ்சள் கோட்டைப் போட்டுக்கிட்டு, காதுல பெரிய மஃப் மாட்டிக்கிட்டு வெளிய போய் ரெண்டு கையையும் தூக்கி பிளேனை நிக்க வெச்சாங்க, சக்கரத்துக்குக் கட்டை வெச்சாங்க, கதவைத் திறந்து ஆளுங்களை இறக்கினாங்க, பேக்கை இழுத்து வண்டில போட்டாங்க. மொத்த ஏர்போர்ட்டும் மூணு நாலு பேர் கையில தான் ஓடுது. நீங்க அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அங்க உங்களை செக்கின் பண்ண ஆளே இருக்காது.

செக்யூரிட்டி சில ஏர்போர்ட்ல முழுசா இருக்கும், ரொம்பச் சின்ன இடத்துல பேருக்கு ஐடி பாத்துட்டு விட்டுடுவாங்க, நாட்டுக்கு நாடு மாறும். ஸ்க்ரீனிங் இல்லாம கிளம்பி பெரிய ஏர்போர்ட்ல மாறுறீங்கன்னா அங்க முழு செக்கிங் நடக்கும், அதுக்கு நேரம் வெச்சுக்கோங்க.

பவர் பேங்க் பத்தி ஒண்ணு. அதை செக்கின் பேக்ல போடக்கூடாது, கையில தான் வரணும், 100 வாட்-அவருக்குள்ள (பேட்டரியோட கொள்ளளவு) இருக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா சின்ன பிளேன்ல மேல பேக் வைக்கிற இடமே இருக்காது, அதனால ஏறுறதுக்கு முன்னாடி பிளேன் பக்கத்துல வெச்சு உங்க கைப் பையையும் வாங்கி பின்னாடி போட்டுடுவாங்க. அந்த நேரத்துல பவர் பேங்க்கை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா கேபின்ல உடனே கவனிக்கலாம், லக்கேஜ் இடத்துல யாருக்கும் தெரியாது. மருந்து, போனையும் அப்படியே எடுத்துக்கோங்க.

காத்திருக்குற நேரத்துல வெளிய பாருங்க, அங்கயே பாதி செய்தி கிடைக்கும். கம்பத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு துணிக் குழாய் தொங்கும், விண்ட்சாக்னு சொல்லுவாங்க. அது தொங்கிக்கிட்டு இருந்தா காத்து இல்ல, நேரா விறைச்சு நின்னா காத்து சுமார் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் பக்கம். விறைச்சு நிக்கிறது பெரிய பிரச்சினை இல்ல, எந்தப் பக்கம் விறைக்குதுங்கிறது தான் விஷயம். பிளேன் காத்தை எதிர்த்து ஏறும், எதிர்த்து இறங்கும். ரன்வேக்கு நேர் குறுக்கா விண்ட்சாக் துடிச்சுக்கிட்டு இருந்தா பைலட்டுக்கு அது கஷ்டமான நாள். ரன்வே முனையில எழுதியிருக்குற நம்பரும் திசை தான், ஒரு முனையில 09-னா அது காம்பஸ்ல 90 டிகிரி, அதாவது கிழக்கு, மறுமுனை 27, அதாவது 270 டிகிரி.

கண்ட்ரோல் டவர் இல்லையேன்னு பயப்படாதீங்க. உலகத்துல நிறைய சின்ன ஏர்போர்ட்ல டவர் கிடையாது, அந்தப் பக்கம் வர்ற எல்லா பைலட்டும் ஒரே ரேடியோ சேனல்ல நான் இங்க இருக்கேன், இந்தப் பக்கம் இருந்து இறங்குறேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டே வருவாங்க. சில நாட்டுல ராத்திரி ரன்வே லைட்டைக் கூட பைலட்டே மேல இருந்து மைக் பட்டனை சில தடவை அழுத்திப் போட்டுக்கிறாரு. பிளேன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஜீப் ரன்வேல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போய்ட்டு வரும், ஆடு மாடு நாய் பறவை எதுவும் இல்லையான்னு பாக்குறதுக்கு. ஜீப் கிளம்பினா பிளேன் கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம்.

லேட் ஆகுது, என்ன பண்றது

போர்டுல எதுவும் மாறாது, போர்டே இருக்காது. நேரா போய் மூணு கேள்வி கேளுங்க. நமக்கு வர வேண்டிய பிளேன் இப்ப எங்க இருக்கு? அங்க இருந்து கிளம்பிடுச்சா? கடைசியா எத்தனை மணி வரைக்கும் காத்திருப்பீங்க? பிளேன் இன்னும் கிளம்பலன்னா நீங்க நிம்மதியா உக்காந்துக்கலாம். கிளம்பிடுச்சுன்னாலும் வந்து மேல ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு ரன்வே தெரியலன்னு திரும்பிப் போறதும் நடக்கும், சத்தம் கேக்கும், பிளேன் கண்ணுல படாது, அது ரொம்ப வேதனையா இருக்கும். ஆனா அந்த பைலட் சரியான முடிவு எடுத்திருக்காருன்னு அர்த்தம். மூணாவது கேள்விக்கு பதில் வெளிச்சத்தையும் பைலட்டோட டூட்டி நேரத்தையும் பொறுத்தது, சட்டப்படி இவ்ளோ மணி நேரம் தான்னு இருக்கு, அதைத் தாண்டி ஓட்ட முடியாது.

சில நேரம் உங்க பிளைட்டை நிறுத்திட்டு நோயாளியைக் கூட்டிட்டுப் போற பிளேனுக்கு வழி விடுவாங்க. இந்த மாதிரி ஊருக்கு ஏர்போர்ட் இருக்குறதோட பெரிய காரணமே அது தான். ஆஸ்திரேலியாவுல ஆஸ்பத்திரி எட்டாத பண்ணைகளுக்கு டாக்டரை பிளேன்ல அனுப்புற சேவை 1928-லயே ஆரம்பிச்சாச்சு, இன்னைக்கும் ஓடுது. ஒரு தடவை நாங்க எல்லாரும் ஏறப் போற நேரத்துல ஸ்ட்ரெச்சர் வந்துச்சு, பிரசவ வலியில ஒரு பொண்ணு, கூட அம்மா. லைன்ல நின்னவங்க ஒருத்தர் விடாம சுவர் ஓரமா ஒதுங்கினாங்க, யாரும் எதுவும் கேக்கல. நாலு மணி நேரம் கழிச்சு தான் எங்களுக்கு பிளேன் வந்துச்சு.

கேன்சல்னு சொல்லிட்டாங்கன்னா அடுத்த பிளைட்ல உங்க பேர் எழுதியாச்சான்னு கேட்டு, எழுதினதைப் பாத்துட்டு கிளம்புங்க. சில கம்பெனில கேன்சல் ஆனவங்களுக்கு முதல் இடம், சில இடத்துல நாளைக்கு டிக்கெட் வெச்சிருக்கறவங்க போக மிச்சம் தான். அவசரம்னா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், சாவு மாதிரி விஷயம்னா, மறைக்காம சொல்லுங்க. சின்ன ஊர்ல அதுக்கு மரியாதை உண்டு, யாராவது விட்டுக் கொடுப்பாங்க.

பிளேனுக்கு நடந்து போறப்ப

இங்க தான் கவனம் வேணும், மத்ததெல்லாம் சிரமம், இது உயிர் விஷயம். தார்ல இறங்கி நீங்களே நடந்து போவீங்க. ஓடுற புரொப்பல்லர் கண்ணுக்குத் தெரியாது, லேசா மங்கலா ஒரு வட்டம் மாதிரி தான் இருக்கும், சில வெளிச்சத்துல அது கூட தெரியாது. அதனால ஓடினாலும் நின்னாலும் புரொப்பல்லர் பக்கம் போறதே இல்லன்னு வெச்சுக்கோங்க. கூட்டிட்டுப் போற ஆள் பின்னாடி, அவர் நடந்த கோட்டுலயே நடங்க, கோடு போட்டிருந்தா அதுக்குள்ள. குழந்தையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க, தூக்கிக்கோங்க. தொப்பி, துப்பட்டா, சால்வை, பேப்பர் எதுவும் பறக்குற மாதிரி இருக்கக்கூடாது, பறந்துச்சுன்னா துரத்திட்டு ஓடாதீங்க, போகட்டும் விடுங்க. போட்டோ எடுக்கணும்னா உள்ள உக்காந்து எடுங்க, பின்னாடி நகர்ந்துக்கிட்டே செல்ஃபி எடுக்குறதை அங்க மட்டும் செய்யவே கூடாது.

ஏடிஆர்ல பின்பக்கக் கதவு வழியா ஏறுவீங்க, முன்பக்கம் லக்கேஜ். எல்லாரும் பின்னாடி ஏறுறதால வால் கீழ சாஞ்சுடக்கூடாதுன்னு வாலுக்குக் கீழ ஒரு கம்பு முட்டு கொடுத்திருப்பாங்க பாருங்க, எடை எங்க இருக்குங்கிறது எவ்ளோ முக்கியம்னு அதைப் பாத்தாலே புரியும். சில நேரம் வலது பக்க இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும், ஆனா புரொப்பல்லர் சுத்தாது, கரண்ட்டுக்காக பிரேக் போட்டு அப்படி வெச்சிருப்பாங்க, சத்தம் கேட்டுப் பதற வேண்டாம்.

சீட் நம்பர் போட்டிருந்தாலும் பைலட் உங்களைப் பாத்து நீங்க முன்னாடி வாங்க, நீங்க பின்னாடி போங்கன்னு மாத்துவாரு. குடும்பத்தைப் பிரிக்கிறாங்களேன்னு வாதாடாதீங்க, போய் உக்காருங்க, நடுவுல எழுந்து மாறி உக்காராதீங்க.

உள்ள

சத்தம் ஜாஸ்தியா இருக்கும், காதுக்குப் பஞ்சோ இயர்பிளக்கோ வெச்சுக்கோங்க. ட்வின் ஆட்டர், கேரவன் மாதிரி பிளேன்ல காத்து அழுத்தம் சீர் பண்ற வசதி கிடையாது, ஏறுறப்பவும் இறங்குறப்பவும் காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கிட்டே இருங்க, கைக்குழந்தைக்குப் பால் கொடுங்க. கடுமையான ஜலதோஷம், சைனஸ் இருந்தா டாக்டர் கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. ஆடும், வெயில் ஏறின பிறகு இன்னும் ஆடும், பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கோங்க. பைலட் திரும்பிப் பாத்து சேஃப்டி விஷயம் சொல்லுவாரு, அதைக் கேளுங்க, கதவை எப்படித் திறக்குறதுன்னு பாத்து வைங்க. சின்ன ரன்வேல இறங்குறப்ப தடாலுன்னு உக்காந்து உடனே பெரிய சத்தத்தோட வேகம் குறையும், புரொப்பல்லரைத் திருப்பி பிரேக் மாதிரி பயன்படுத்துற சத்தம் அது. தரை கிட்ட வந்துட்டு திரும்ப மேல ஏறினாலும் பயப்படாதீங்க, ஏதோ சரியில்லன்னு பட்டதும் மறுபடி சுத்தி வர்றது பைலட்டுங்க பழகின விஷயம்.

இறங்கினதும்

பேக் பெல்ட்ல வராது, தள்ளுவண்டில வரும், அதுல இருந்து நீங்களே எடுத்துக்கணும். உங்க பேக் வரலன்னா அங்கயே, அந்த நிமிஷமே சொல்லி எழுதி வாங்குங்க.

அப்புறம் வெளிய போயிடாதீங்க. வண்டி வந்திருந்தா ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லிட்டு கவுண்டருக்குப் போய் உங்க ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டி, அந்தத் தேதில பிளைட் இருக்கா, எத்தனை மணிக்கு வரணும், எத்தனை கிலோ கொண்டு வரலாம்னு கேட்டு உங்க போன் நம்பரை அவங்க கிட்ட எழுதிக் கொடுங்க, மாத்தம் ஏதாவது வந்தா கூப்பிடுவாங்க. இதை நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா முடியாது, ஏன்னா நீங்க வந்த பிளேன் திரும்பிக் கிளம்பின அரை மணி நேரத்துல அந்த அக்கா மஞ்சள் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு, கதவைப் பூட்டிட்டு, வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. அடுத்த பிளைட் வர்ற வரைக்கும் அங்க யாரும் இருக்க மாட்டாங்க.